மகளின் விடை சரி. அரை மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கன்னியாகுமரி படகுத்துறையில் விவேகானந்தர் பாறைக்குப் போகக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதினாள். அதில் ‘கியூயிங்’ என்ற சொல்லை கியூ, யு, இ, யு, இ என்று முழுதாக எழுதி, அதன்பின் ஐ, என், ஜி சேர்த்திருந்தாள். டீச்சர் கடைசி ‘இ’யைச் சிவப்பு மையால் அடித்து அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். ஒன்று பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், மற்றது அமெரிக்கன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி? எப்படியும் உச்சரிப்பு ஓர் எழுத்துதானே, ‘கியூ’ என்ற ஒற்றை எழுத்தையே போட்டால் என்ன?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: உங்கள் மகள் எழுதியது சரி. டீச்சர் மாற்றி எழுதிய வடிவமும் சரி. சரியானதை அடித்தாரே, அதுதான் தவறு. அந்த ‘இ’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆக்ஸ்போர்டு அகராதி ஏற்றுக்கொள்கிறது.

டீச்சர் மனதில் இருந்த விதி எது என்று புரிகிறது. ‘ஆர்க்யூ’, ‘வேல்யூ’, ‘ரெஸ்க்யூ’ போன்ற சொற்களில் ‘இங்’ சேரும்போது கடைசி ‘இ’ போய்விடும். அதே கணக்கில் இங்கும் போக வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘இ’யை விடாத வழக்கமும் வேரூன்றியிருக்கிறது. அதை விடாதவர்கள் யார் தெரியுமா? கணிதக்காரர்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர், தொலைபேசி அழைப்புகள் வந்து சேரும் முறையைக் கணக்கிட்டு 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எத்தனை கவுண்டர் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஒரு துறையே அதிலிருந்து வளர்ந்தது. அந்தத் துறையின் ‘கியூயிங் சிஸ்டம்ஸ்’ என்ற ஆய்விதழ், பெயரிலேயே அந்த ‘இ’யை வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியதும் அதே ஸ்பெல்லிங்தான். யு, இ, யு, இ, ஐ என்று ஐந்து உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும் சொல் ஆங்கிலத்தில் மிக அரிது. அதைப் பிசகாமல் எழுதிய பிள்ளையைப் பாராட்டியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொருந்தாது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இங்கே உள்ள வேறுபாடு ஸ்பெல்லிங்கில் இல்லை, சொல்லிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ‘கியூ’; அமெரிக்காவில் ‘லைன்’. முந்திப் புகுந்தால் பிரிட்டனில் ‘ஜம்ப் தி கியூ’, அமெரிக்காவில் ‘கட் இன் லைன்’. நியூயார்க் பக்கம் ‘இன் லைன்’ என்பதற்குப் பதில் ‘ஆன் லைன்’ என்பவர்களும் உண்டு.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான், டீச்சர்கள் நேரம் செலவிட வேண்டியதும் இதில்தான். ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் ‘லைன்ல நில்லு மக்கா’ என்று கேட்டு வளர்கிறார்கள்; பாடப் புத்தகத்திலும் போர்டிலும் ‘கியூ’ என்று படிக்கிறார்கள். எழுதும்போது இரண்டும் கலந்து ‘ஸ்டாண்டிங் இன் கியூ’ என்று வந்துவிடுகிறது. ‘இன் லைன்’ என்பதற்கு நடுவில் ஒன்றும் வேண்டாம். ‘கியூ’ வந்தால் அதற்கு முன் ‘எ’ அல்லது ‘தி’ வர வேண்டும். உங்கள் மகளின் கட்டுரையை மறுபடி எடுத்து, இதைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று பாருங்கள்.

ஒற்றை எழுத்து யோசனைக்கு வருகிறேன். கூடாது. அந்த நான்கு எழுத்துகளும் வெறும் சுமை இல்லை, சொல் வந்த வழியைக் காட்டுபவை. பிரெஞ்சில் இதற்கு வால் என்று பொருள். லத்தீன் ‘கவ்டா’விலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் பின்னிவிட்ட சடையைக் குறித்த பிறகுதான் ஆட்கள் நிற்கும் வரிசையைக் குறித்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் ரொட்டிக் கடை வாசல்களில் மக்கள் நின்றதைப் பற்றி தாமஸ் கார்லைல் 1837இல் எழுதியதை இந்தப் பொருளுக்குப் பழைய சான்றாகக் காட்டுகிறார்கள். இதே ஒலியில் சி, யு, இ என்று மூன்றெழுத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. நாடகத்தில் அடுத்தவர் பேசத் தொடங்கக் கொடுக்கும் குறிப்பு அது. பில்லியர்ட்ஸ் கோலுக்கும் அதுவே பெயர். வரிசைக்கு அதை எழுதினால் பிழை. ‘கியூ, யு, இ’ என்று பாதியில் நிறுத்தினாலும் பிழை. மதிப்பெண் குறைக்க வேண்டிய இடங்கள் இவை.

அறிவிப்புப் பலகையில் இடம் குறைவென்று ஒற்றை எழுத்தைப் போட்டு அம்புக்குறி வரைபவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதற்கு மேலே ‘வரிசையில் வரவும்’ என்று தமிழில் பெரிதாக இருந்தாக வேண்டும். சபரிமலை சீசனில் குமரிக்கு வருகிறவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஏராளம். வழி தெரியாமல் வேறு தடுப்புக்குள் போய், வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வருவது அவர்கள்தான்.

அகராதியை எடுத்துக்கொண்டு டீச்சரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் முன்னால் வேண்டாம், ஸ்டாஃப் ரூமில் தனியாகக் காட்டுங்கள். வகுப்பில் ஒரே ஸ்பெல்லிங்தான் வேண்டும் என்பது அவர் விருப்பமானால் அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லட்டும், அதில் குற்றமில்லை. இந்தத் தடவை சொல்லவில்லை, ஆகவே அரை மதிப்பெண் உங்கள் மகளுக்குச் சேர வேண்டியது.