பழைய கணினி இழுபடுகிறது, றாம் கூட்டினால் சரியாகுமா?

2012 காலத்துக் கணினியில் விண்டோஸ் 10 புதிதாகப் போட்ட பிறகு சாளரத்தை நகர்த்தினாலே இழுபடுகிறது, வீடியோ வெட்டி வெட்டி ஓடுகிறது, 8 ஜிபி றாம் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். றாமுக்குக் காசு கொடுக்க முதல், ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தால் கோளாறு அங்கேதான். சரியான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாதபோது திரை கறுத்துப் போகாமல் இருக்க விண்டோஸ் தானே போட்டுக்கொள்வது அது. கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்கும், வரைகிற வேலை முழுவதும் கணினியின் பிரதான செயலியான சிபியுவின் தலையில் விழும்.

அது சின்ன வேலையில்லை. 1366×768 திரையில் 10 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். செக்கனுக்கு 60 தரம் புதுப்பித்தால் 6 கோடியே 29 இலட்சம். ஒரே கணக்கைப் பல புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போடவென்றே செய்யப்பட்டது கிராபிக்ஸ் சிப். டிரைவர் இல்லாவிட்டால், அறுவடை மெஷின் கொட்டிலில் நிற்க, ஓட்ட ஆளில்லாமல் கையால் அரிவு வெட்டுகிற கதைதான்.

நானும் இதில் இரண்டு கிழமை மினக்கெட்டிருக்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு, வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பாவித்த கணினிகள் சில அனுப்பியிருந்தார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடும்போது திரை கறுத்ததால் ‘சேஃப் கிராபிக்ஸ்’ முறையில் நிறுவினேன். அதன் பிறகு எல்லாமே ஆமை வேகம், மின்விசிறி ஓயாமல் இரைந்தது. றாம் காணாது என்று பலரும் சொன்னதால் காசு சேர்த்து இரண்டு கணினிக்குப் போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் காசு பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளுக்குப் போயிருக்க வேண்டியது, இன்றைக்கும் மனது கேட்கவில்லை.

அப்புறம்தான் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற வரியைப் பார்த்தேன். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தது. அது சிப்பின் பெயரல்ல, சிபியுவைக் கொண்டே படம் வரையும் மென்பொருள். நான் தெரிவுசெய்த ‘சேஃப் கிராபிக்ஸ்’ முறை, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் தொடக்க வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் போயிருந்தது. அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் திரையைக் கையில் எடுக்காது. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற மென்பொருளின் கோப்பில் அந்தச் சொல்லை அழித்து, கிரப்பைப் புதுப்பித்து மறுபடி தொடக்கியதும் சிப்பின் பெயர் வந்தது, இரைச்சலும் அடங்கியது.

உங்களுடையது விண்டோஸ் என்பதால், கணினியின் மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். தானாகத் தேடித் தருகிறோம் என்கிற மென்பொருட்கள் வேண்டாம்.

வீடியோ மட்டும் அதன் பிறகும் முழுதாகச் சரிவராமல் போகலாம். அந்தக் காலத்து இன்டெல் சிப்புகளில் எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதி உண்டு, விபி9 என்ற இன்னொரு முறைக்கு இல்லை. யூடியூப் பெரும்பாலும் விபி9 அனுப்புவதால் அந்த வேலை மறுபடி சிபியுவுக்கே வரும். வீடியோவின் தரத்தை 480பிக்குக் குறைத்துப் பாருங்கள், ஓரளவு ஓடும்.

டிரைவர் போட்டும் அடாப்டர் பெயர் மாறவில்லையென்றால், போர்டின் மாடலைக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.