நூலகம்: கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: ஊர் நூலகத்துக்குப் புதிதாக வந்த சிறுவர் நூல்கள் சீக்கிரமே பிரிந்துவிடுகின்றன. இளையோர் நாவல்களை யாரும் தொடுவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: புதுப் புத்தகத்தை நடுவில் சட்டென்று விரித்தால் முதுகுப் பசை வெடிக்கும். முன்னும் பின்னுமாகச் சில பக்கங்கள் வீதம் விரித்து, லேசாக அழுத்திப் பழக்குங்கள். கழன்ற தாளுக்கு செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசையை ஓரத்தில் மெலிதாகத் தடவி, இரவு முழுக்கப் பாரம் வையுங்கள். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த படக்கதைகளில் அந்தக் கம்பி துருப்பிடிக்கும். அதை எடுத்துவிட்டு மூன்று துளையிட்டு நூலால் தையுங்கள்.

இளையோர் நூல்களைக் குழந்தைகள் பகுதியில் வைத்தால் பதினான்கு வயதுப் பிள்ளை அந்தப் பக்கமே வராது (கௌரவப் பிரச்சினை!). பெரியவர் பகுதியை ஒட்டித் தனி அலமாரி கொடுத்து, சிலவற்றையாவது முன் அட்டை தெரிய நிறுத்துங்கள்.