வீட்டிலேயே நூல் நூற்று, அந்த நூலில் பின்னல் போட ஆசை. ராட்டை வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? செலவு மிச்சமாகுமா? பத்து வயது மகளுக்கும் சொல்லித்தரலாமா?

ராட்டை இப்போதைக்கு வேண்டாம். ஒரு தக்ளி (நுனியில் கொக்கி வைத்த, கையால் சுழற்றும் நூற்புக் கதிர்), கொஞ்சம் பஞ்சுப் பட்டை (சீவித் திரட்டிய பஞ்சு), ஒரு ஜோடி பின்னல் ஊசி, கடையில் வாங்கிய ஒரு நூல்கண்டு, இவ்வளவு போதும். நூற்பதையும் பின்னுவதையும் தனித்தனியாக ஆரம்பியுங்கள். இரண்டையும் முதல் நாளே இணைக்கப் போனால் இரண்டும் வெறுத்துவிடும். நான் பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றிய தலைமுறை. ஓய்வுபெற்ற பிறகு மறுபடியும் கையில் எடுத்தேன். நான் சொல்வதெல்லாம் பருத்தியை வைத்துத்தான். மதுரை வெயிலில் கம்பளியோடு உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

ராட்டை ஏன் வேண்டாம் என்கிறேன்? விலை மட்டும் காரணம் இல்லை (நல்ல பெட்டி ராட்டை சில ஆயிரம் ஆகிவிடும்). அது தறிக்கு நூல் நூற்பதற்காகச் செய்த கருவி. தறி கேட்பது மெல்லிய, இறுக்கமாக முறுக்கிய ஒற்றை இழை. பின்னல் ஊசி கேட்பதோ தடிமனான, முறுக்கு சமநிலையில் உள்ள நூல். 40 நம்பர் நூல் என்கிறார்களே, ஒரு பவுண்டு பஞ்சில் 840 கெஜம் கொண்ட சிட்டம் (நூல் சுருள்) 40 கிடைக்கும் என்பது அதன் கணக்கு. அதாவது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 68 மீட்டர். கையால் பின்ன வசதியான பருத்தி நூல் ஒரு கிராமுக்கு 2 மீட்டர்தான் வரும். ராட்டையில் நூற்ற அழகான நூலைக் கொண்டுவந்து ஊசியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, கொசுவலையா பின்னுவது என்று கேட்டவர்கள் உண்டு.

தடிமன் ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய சிக்கல் முறுக்குதான். உங்கள் அலமாரியில் இருக்கும் டி-ஷர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் நாலு தடவை துவைத்ததும் பக்கத் தையல் நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்திருக்கும். பல பேர் தையல்காரரைத்தான் திட்டுவார்கள். முக்கியக் காரணம் அவர் இல்லை, நூல். ஒற்றை இழையில் அடங்காமல் இருக்கும் முறுக்கு, தண்ணீர் பட்டதும் அவிழப் பார்க்கிறது. அது கண்ணிகளை ஒரு பக்கமாகச் சாய்க்க, துணியே திருகிக்கொள்கிறது. திருப்பூர்ப் பனியன்காரர்களுக்கு இது தினசரித் தலைவலி. நீங்கள் நூற்ற ஒற்றை இழையில் ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க் கண்ணி) என்று பின்னினால் சதுரமாக வர வேண்டிய துணி சாய்சதுரமாக வந்து நிற்கும்.

இதற்கு மருந்து இரட்டைப் புரி, அதாவது இரண்டு இழையைச் சேர்த்து முறுக்குவது. தக்ளியை வலப்பக்கமாகச் சுழற்றி இரண்டு இழை நூற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இடப்பக்கமாகச் சுழற்றுங்கள். முதல் முறுக்கும் இரண்டாம் முறுக்கும் ஒன்றையொன்று அடக்கிவிடும். சரியாக வந்ததா என்று பார்ப்பது சுலபம். முழ நீளம் நூலை இரண்டு நுனியிலும் பிடித்து நடுவே தொங்கவிடுங்கள். சும்மா வளைந்து தொங்கினால் சரி. பன்றிவால் போலச் சுருண்டுகொண்டால், சுருளும் திசையைப் பார்த்து முறுக்கைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இன்னும் தடிமன் வேண்டுமானால் மூன்று புரி, நாலு புரி போடலாம். பூணூல் திரித்த பெரியவர்களைப் பார்த்திருந்தால் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் கையிலும் இருந்தது தக்ளிதான், முப்புரி போடுவதும் இதே முறைதான்.

இனி நூற்பு. பஞ்சுதான் முதல் தடை. மருந்துக்கடைப் பஞ்சு ஆகாது. அதன் இழை குட்டை, இயற்கையான மெழுகையும் வெளுக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். தலையணைக்குள் இருக்கும் இலவம்பஞ்சு அதைவிட மோசம். வழவழவென்று இருக்கும், ஒன்றோடொன்று பிடிக்கவே பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது சீவிய பருத்திப் பட்டை. கதர் தயாரிக்கும் சர்வோதய சங்கங்கள் நூற்பவர்களுக்குக் கொடுப்பது அதைத்தான், பக்கத்தில் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள். கோவைப் பக்கம் மில்லில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. தொட்டியில் பருத்திச் செடி வைத்தும் பார்க்கலாம். நன்றாக விளைந்த ஒரு காயில் கொட்டை நீக்கினால் ஒரு கிராம் பஞ்சு தேறும். ஆசைக்குச் சரி, தேவைக்குப் போதாது.

தக்ளியைக் காற்றில் தொங்கவிட்டுச் சுற்றும் படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் கம்பளி நூற்பவர்களுடையவை. கம்பளி இழை மூன்று நான்கு அங்குலம் வரும், தக்ளியின் எடையைத் தாங்கும். பருத்தி இழை ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டினாலே அதிகம். புதிதாக நூற்பவர் தொங்கவிட்டால் பட்டென்று அறுந்துவிடும். அதனால் தக்ளியின் நுனியை ஒரு கொட்டாங்கச்சியிலோ சின்னக் கிண்ணத்திலோ ஊன்றிச் சுற்றுங்கள். வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தக்ளியைத் திருகிவிட, இடது கை பட்டையை மெல்ல மேலே இழுக்க வேண்டும். பட்டையை அழுத்திப் பிடிக்கவே கூடாது, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். முறுக்கு விரலைத் தாண்டிப் பட்டைக்குள் ஓடும்போது ஒரு சின்ன நெளிவு தெரியும். அந்தக் கணத்தில் இழுத்தால் இழை நீளும். முந்தினால் பஞ்சு பிய்ந்து வரும், பிந்தினால் கட்டிபட்டு நிற்கும். இதை எழுதிப் புரியவைக்க முடியாது, கைக்கே தெரிய வேண்டும். கை நீளம் வந்ததும் கொக்கியிலிருந்து எடுத்துத் தண்டில் சுற்றிவிட்டு, மறுபடியும் கொக்கியில் மாட்டுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். இதை யாரும் சொல்வதில்லை. காற்றில் பட்டை கலைந்து இழை பறந்துகொண்டே இருக்கும். பஞ்சுக்கு ஈரப்பதம் பிடிக்கும், மில்களில் தண்ணீரைத் தெளித்தாவது ஈரத்தைக் காப்பார்கள். வீட்டில் நூற்க விடியற்காலை நல்ல நேரம்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1924 பெல்காம் காங்கிரஸில் காந்தி தலைமை தாங்கியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டே அது கட்டாயம் இல்லை என்று ஆகிவிட்டது. தக்ளியோடு ஒரு வாரம் மல்லாடிய யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

நூற்று, புரி போட்ட நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வேகவைக்க வேண்டும். ஆமாம், வேகவைக்கத்தான். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர், துளி சோப்பு, ஒரு சிட்டிகை வாஷிங் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். வெள்ளைப் பஞ்சுதானே என்று நினைப்போம், தண்ணீரோ டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருக்கும். பஞ்சின் மெழுகும் அழுக்கும் இறங்கிய நிறம் அது. முறுக்கும் இதில்தான் நிலைக்கும், நூலும் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். வேகவைக்காத நூலில் கைத்துண்டு பின்னினால் ஈரத்தைத் துடைக்காது, தள்ளிவிடும். கம்பளி நூலுக்கு இந்த வைத்தியம் செய்துவிடாதீர்கள், சுருங்கிக் கட்டிபட்டுவிடும்.

பின்னலைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை, யூடியூபில் தமிழிலேயே ஏராளமாக இருக்கிறது. வீடியோக்களில் வராத சில விஷயங்கள் மட்டும். நம் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய இங்கிலீஷ் நம்பரில்தான் ஊசி கேட்க வேண்டியிருக்கும். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8 நம்பர் என்பது 4 மி.மீ., 10 நம்பர் 3.25 மி.மீ. முதலில் 8 வாங்குங்கள். கை வியர்க்கிறவர்களுக்கு அலுமினிய ஊசியில் நூல் ஒட்டிக்கொண்டு நகராது, மூங்கில் ஊசி தேவலை. ஃபேன்சி ஸ்டோரில் 'உல்லன் நூல்' என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக், முடி கருகும் வாசம் வந்தால் கம்பளி, காகிதம் எரியும் வாசம் வந்தால் பருத்தி. பழகுவதற்கு அக்ரிலிக் மோசமில்லை, இழுபடும், மலிவும்கூட. பருத்தி நூல் நீண்டு கொடுக்காது, ஆரம்பத்தில் விரல் வலிக்கும்.

முதலில் ஸ்வெட்டர் வேண்டாம். ஒரு சாண் சதுரத்தில் கைத்துண்டு பின்னுங்கள், எல்லா வரிசையும் நிட், 40 கிராம் நூல் போதும். இந்தப் பின்னலில் துணி சாயாது என்பதால் நூற்பில் உள்ள குறை அவ்வளவாக வெளியே தெரியாது. நூல் ஒரே சீராக இல்லாமல் தடித்தும் மெலிந்தும் இருந்தால்கூடப் பாத்திரம் துடைக்க அதுவே வாகு. அப்புறம் குழந்தைத் தொப்பி, அதற்கப்புறம் வேறு பெரிய யோசனை.

கம்பளிதான் வேண்டும் என்று மனம் கேட்டால், நம் மலைகளிலேயே ஆடு இருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா பண்ணையில் நீலகிரிச் செம்மறியைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். மென்கம்பளி தரும் தென்னிந்திய இனம், எண்ணிக்கை அருகிவிட்டது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பாரத் மெரினோ என்ற மென்கம்பளி இனம். சுற்றுலா போகும்போது விசாரித்துப் பாருங்கள். பச்சைக் கம்பளி கிடைத்தாலும் அதை வெந்நீரில் அலசிப் பிசுக்கை எடுத்து, சிக்கெடுத்துச் சீவுவது தனி வேலை. வீட்டில் ஆட்டு வாசம் நாலு நாள் நிற்கும்.

செலவு மிச்சமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. லூதியானாவிலிருந்து வரும் ஸ்வெட்டர் விலைக்கு உங்கள் நூல்கூடத் தேறாது. பத்து வயது மகளுக்குச் சொல்லித்தரலாமா என்ற கேள்விக்கு, தாராளமாக. குழந்தைகள் நம்மைவிட வேகமாகத் தக்ளியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும், கொக்கி நுனி கூராக இருந்தால் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள்.