ஸ்டாண்ட்அப்ல வாய் வரலைன்னு கேட்ட தம்பிக்கு

வெளிநாட்டு வேலைல சேர்ந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது, டீம்ல ஏழெட்டு நாட்டு ஆளுங்க, தினமும் காலைல அவங்கவங்க வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு சொல்ற ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல பேச வாய் வரல, நான் எழுதின கோடப் படிச்சுட்டு மத்தவங்க போடுற ரிவ்யூ கமெண்ட்டெல்லாம் பாத்தா என்னைப் பிடிக்கலையோன்னு தோணுது, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போகட்டுமான்னு கேட்டிருந்தீங்க. போகணும்னா போங்க, காசு உங்களோடது. ஆனா புரோகிராமிங் மொழிகளையே எடுத்துக்கோங்க, ரூபிய உருவாக்கின மாட்சுமோட்டோ ஜப்பான்காரர், பைத்தான உருவாக்கின கீடோ டச்சுக்காரர், லுவா 1993ல பிரேசில்ல பிறந்தது, லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வீட்டுல பேசின மொழி ஸ்வீடிஷ். உங்க டீம்லயும் பாதிப் பேர் தப்பும் தவறுமாத்தான் பேசிட்டு இருப்பாங்க, காது குடுத்துக் கேளுங்க.

புதுசா வர்ற நம்மாளுங்க மாட்டிக்கிற இடம் வேற. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா"ன்னு டீம் லீட் கேப்பார், முடியாதுன்னு உள்ளுக்குள்ள தெரியும், ஆனா முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு தலைய ஆட்டிட்டு வந்துடுவாங்க, ராத்திரி உக்காந்து முடிச்சுக்கலாம்னு ஒரு நப்பாசை, வியாழக்கிழமை வரைக்கும் "போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு"ன்னே ஓட்டுவாங்க. வெள்ளிக்கிழமை குட்டு உடையும். லேட் ஆனதுக்குக்கூட அவ்ளோ கோவம் வராது, செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலன்னுதான் வரும், அப்புறம் நீங்க சரின்னு சொன்னாலே ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

அதனால காலைல இப்படி எழுதி வச்சுக்கோங்க: "லாகின் பக்கம் முடிஞ்சது. பேமென்ட்டுக்கு டெஸ்ட் கீ இன்னும் வரல, திங்கக்கிழமை கேட்டேன். இன்னிக்கு மதியத்துக்குள்ள வரலைன்னா வெள்ளிக்கிழமை முடியாது, அடுத்த செவ்வாய் ஆகும்." இதச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா போட்டு, பாத்தே படிங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. முடிஞ்சா முதல் ஆளா பேசிடுங்க, நம்ம முறை எப்ப வரும்னு காத்திருக்கிறப்பதான் தொண்டை அடைக்கும்.

ரிவ்யூ விஷயம். "இது ஏன் இங்க இருக்கு?"ன்னு மொட்டையா ஒரு கமெண்ட் வந்தா நமக்குத் திட்டு மாதிரி இருக்கும், பெரும்பாலும் அது நிஜமாவே கேள்விதான். உடனே மாத்திடாதீங்க, காரணம் இருந்தா ரெண்டு வரில சொல்லுங்க, "ஓ சரி, விடு"ன்னு அவரே போயிடலாம். இன்னொரு வகை இதவிட மோசம், "வேற வழியும் யோசிக்கலாமோ"ன்னு பூப்போல எழுதுவார், மாத்தாம விட்டா உங்க கோட மெயின் கோடோட சேர்க்க, அதாவது மெர்ஜ் பண்ண, அப்ரூவல் வராது! சந்தேகம்னா "மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி இது கட்டாயமா, இல்ல யோசனை மட்டுமா"ன்னு கேட்டுடுங்க. இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் எழுதுறவங்களே எது கட்டாயம், எது பரிந்துரை, எது விருப்பம்னு தனியா வரையறுத்து வச்சிருக்காங்க, 1997ல வந்த ஆர்எஃப்சி 2119ங்கிற ஆவணம் அதுக்குன்னே இருக்கு. நாம கேட்டா என்ன?

ஆனா கேள்வி வேற, அவமானப்படுத்துறது வேற. டோர்வால்ட்ஸே 2018ல தன்னோட கடுமையான மெயில்களுக்கு மன்னிப்பு கேட்டுட்டு கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தார். அதனால எவனாவது ஆளையே மட்டம்தட்டி எழுதினா, இங்க இப்படித்தான் போலன்னு முழுங்காம மேனேஜர்கிட்ட காட்டுங்க.

அப்புறம் தேதிய 03/04ன்னு எழுதவே எழுதாதீங்க, ஒருத்தருக்கு அது மார்ச், இன்னொருத்தருக்கு ஏப்ரல். மாசத்தப் பேராவே எழுதிடுங்க. அமெரிக்கால ஆளுங்க இருந்தா மார்ச்ல காலண்டர ஒருதடவை பாத்துக்கோங்க, ஐரோப்பாவுக்கு முன்னாடியே அங்க கடிகாரத்த மாத்திடுவாங்க, இடைப்பட்ட ரெண்டு மூணு வாரம் மீட்டிங் ஒரு மணி நேரம் தள்ளி நிக்கும்.