பேட்டரியா? வேண்டாம் சார்!

கே: டெல்லியில் இருக்கும் மகனுக்கு இ-சைக்கிள் பேட்டரி அனுப்பப் போனால், கூரியர்காரர் கும்பிடு போடுகிறாரே, ஏன்?
– வாசகர், ஈரோடு

ப: அவரைத் திட்டாதீர்கள். லித்தியம் பேட்டரி 9-ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு. (கருவியில் பொருத்தாத) தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை. உங்களுடையதைப் புரட்டிப் பாருங்கள்: 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால், இரண்டையும் பெருக்க 360 வாட்-அவர் (அது தேக்கிவைக்கும் மின்னாற்றலின் அளவு). விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம் என்றால், விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்கினாலும் உச்சவரம்பு 160தான்!

நானும் ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கியவன். ‘உள்ளே என்ன?’ என்றதும் பொய் சொல்ல வாய் வரவில்லை. (நீங்களும் ‘துணிமணி’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.) விற்ற கடையில் கேளுங்கள், யுஎன் 38.3 என்ற சோதனையில் (லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாக அனுப்பலாமா என்று பார்க்கும் ஐ.நா. சோதனை) தேறியதற்கான சான்றைத் தயாரிப்பாளரிடம் வாங்கித் தரைவழியாக அனுப்ப அவர்களால் முடியலாம். பேட்டரி வீங்கியிருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.