வாசகர் கேள்வி – பதில்: காத்திருந்த எண்களும் காத்திராத வெற்றிகளும்

சென்ற இதழில் இப்பகுதியில் பேஸ்போல் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து திருகோணமலை மாவட்டத்திலிருந்து அந்த விளையாட்டைப் பற்றியே பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முரளிதரனின் 800ஆவது விக்கெட்டைக் கண்ட தலைமுறை நாங்கள். அமெரிக்க பேஸ்போலில் அதற்கு ஈடாக எந்தச் சாதனையைச் சொல்வீர்கள், ஐயா? (வாசகர், உவர்மலை)

ஹாங்க் ஆரனின் 715ஆவது ஹோம் ரன்னைச் சொல்வேன். (ஹோம் ரன் என்பது பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது, நம் சிக்ஸரைப் போல.) பேப் ரூத் 1935இல் 714 ஹோம் ரன்களுடன் விளையாட்டை விட்டு விலகியபோது, அந்த எண்ணை இன்னொருவர் எட்டுவார் என்று எவரும் எண்ணவில்லை. ஆரன் 1973ஆம் ஆண்டுப் பருவத்தை 713உடன் முடித்தார். எனவே அடுத்த பருவம் தொடங்கும்வரை ஒரு குளிர்காலம் முழுவதும் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரூத்தின் சாதனையைக் கறுப்பினத்தவர் ஒருவர் முறியடிப்பதைப் பொறுக்காதவர்களின் கொலைமிரட்டல் கடிதங்கள் அக்காலத்தில் அவருக்கு வந்து குவிந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று, அட்லாண்டாவில், டொட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் வீசிய பந்தை அவர் வேலிக்கு அப்பால் அடித்தார். அவர் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து அவரது தோளைத் தட்டினார்கள். ஓட்டம் முடிந்த இடத்தில் அவருடைய தாயார் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். பரி பொண்ட்ஸ் பின்னர் 762 அடித்து, ஆரனின் இறுதி எண்ணிக்கையான 755ஐக் கடந்தார். ஆயினும் அவரைச் சூழ்ந்த ஊக்கமருந்துச் சர்ச்சையால், என்னைப் போன்ற ரசிகர்கள் இன்றும் முதலில் ஆரனின் பெயரையே சொல்கிறோம்.

முரளிதரன் 2010 ஜூலையில், ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 792 விக்கெட்டுகளுடன் காலி டெஸ்டில் இறங்கினார். இந்தியாவின் கடைசி விக்கெட் மட்டும் எஞ்சியிருந்தபோது அவருக்கும் ஒன்றே தேவைப்பட்டது. ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல பிடித்தபோது தனிமனிதச் சாதனையும் அணியின் வெற்றியும் ஒரே திசையில் நகர்ந்தன. அப்படி அமைவது மிக அரிது.

பொஸ்டன் அணி 2004இல் வென்றதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? (மாணவர், உப்புவெளி)

தம்பி, இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய கதையன்று. பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணி 1918இல் உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரை, வென்றபின் 86 ஆண்டுகள் அந்தக் கிண்ணத்தைக் காணவில்லை. 2004இல் இறுதித் தொடருக்குச் செல்ல, ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டிய தொடரொன்றில் பரம எதிரியான நியூயோர்க் யாங்கீஸை எதிர்கொண்டது. முதல் மூன்று ஆட்டங்களையும் யாங்கீஸே வென்றது. மூன்றாவதில் 19–8 என்ற கணக்கில் பொஸ்டன் நசுங்கிப்போயிற்று. அதுவரை பெரிய லீக் பேஸ்போலில் எந்த அணியும் அந்த நிலையிலிருந்து மீண்டதில்லை.

நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இனிங்ஸில், வழக்கமாக ஆட்டம் முடியும் இனிங்ஸில், யாங்கீஸ் 4–3 என முன்னிலையில் இருந்தது. பந்து வீசியவர் மரியானோ ரிவேரா. கெவின் மிலர் நான்கு தவறான பந்துகளால் முதல் தளத்துக்குச் சென்றதும், அவருக்குப் பதிலாக ஓடுவதற்கென்றே டேவ் ரொபர்ட்ஸ் இறக்கப்பட்டார். அவர் இரண்டாம் தளத்தைத் திருடப் போகிறார், அதாவது பந்து அடிக்கப்படுமுன்பே அங்கு ஓடிவிடப் போகிறார் என்பது அரங்கிலிருந்த அனைவருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும். அவரைத் தளத்தை ஒட்டியே நிற்கவைப்பதற்காக ரிவேரா மீண்டும் மீண்டும் முதல் தளத்துக்குப் பந்தை எறிந்தார். இருந்தும் ரொபர்ட்ஸ் ஓடினார், மயிரிழையில் தப்பினார், அடுத்து பில் மியூலர் அடித்த அடியில் சமநிலை ஓட்டத்தையும் பெற்றார். பன்னிரண்டாவது இனிங்ஸில் டேவிட் ஓர்ட்டிஸின் ஹோம் ரன் ஆட்டத்தை முடித்தது. பொஸ்டன் எஞ்சிய மூன்றையும் வென்று, உலகத் தொடரில் சென்ட் லூயிஸ் அணியை 4–0 என வீழ்த்தியது.

இங்கே ரொபர்ட்ஸின் பெயரில் சாதனைப் பட்டியலில் ஏறுவது ஒரேயொரு திருட்டுத்தான். ஆனால் பொஸ்டன் ரசிகர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் அந்த ஒன்பதாவது இனிங்ஸிலிருந்தே பேசத் தொடங்குவார். 108 ஆண்டுகள் காத்திருந்து 2016இல் வென்ற சிகாகோ கப்ஸ் ரசிகர்களும் அப்படித்தான்: கடைசி ஆட்டத்தில் தம் அணி பெற்ற எட்டு ஓட்டங்களைவிட, பத்தாவது இனிங்ஸுக்கு முன் பெய்த மழையையே கூடுதலாகப் பேசுவார்கள்.

தொடர்ந்து ஆடிய ஆட்டங்களை எண்ணுவது சுயநலம் அல்லவா? அணிக்கு அதனால் என்ன பயன்? (வாசகர், மூதூர்)

கேள்வி நியாயமானதே. யாங்கீஸ் வீரர் லூ கெஹ்ரிக், ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ந்து 2130 ஆட்டங்கள் ஆடி, 1939இல் நரம்பு நோயால் விலகினார். கால் ரிப்கன் 1995 செப்டெம்பர் 6 அன்று பால்டிமோரில் 2131ஆவது ஆட்டத்தை ஆடி அந்தச் சாதனையைக் கடந்தபோது, அவருடைய அணி அந்தப் பருவத்தில் வெற்றிகளைவிடத் தோல்விகளையே கூடுதலாகப் பெற்றிருந்தது. ரிப்கன் ஓய்வெடுத்திருந்தால் நன்றாக அடித்திருப்பார் என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். ஆனால் முந்தைய ஆண்டு வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே கைவிடப்பட்டு, ரசிகர்கள் கசப்புடன் விலகியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்த ஒரு மனிதர் அன்று மைதானத்தைச் சுற்றி ஓடி ரசிகர்களின் கைகளைத் தொட்டபோது, ஆட்டம் இருபது நிமிடங்களுக்கு மேல் நின்றது. பின்னர் 1998இல், 2632 ஆட்டங்களுக்குப் பிறகு, தாமே விரும்பி, இடைவிடாமல் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். எண்ணுக்காகவே ஆடுபவர் அப்படி நிறுத்தமாட்டார் என்பது என் எண்ணம்.

உங்களை மிகவும் வருத்திய மைல்கல் எது? (வாசகி, நிலாவெளி)

ரொபேர்ட்டோ கிளெமென்டேயின் 3000ஆவது அடி (அடித்துவிட்டுத் தளத்தைப் பத்திரமாக அடைவதையே அங்கே ‘அடி’ என எண்ணுவார்கள்). 1972 செப்டெம்பர் 30 அன்று அதை அடித்தார்; அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் அழிந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள்களை எடுத்துச் சென்ற விமானம் கடலில் விழுந்து மரணமடைந்தார். வழக்கமான பருவ ஆட்டங்களில் அவருடைய கணக்கு சரியாக 3000இல் நின்றுவிட்டது. 2004 டிசம்பரில் நிவாரண லொறிகளை எதிர்பார்த்து வீதியோரம் நின்ற நம் கரையோர மக்களுக்கு, அவர் ஏன் அந்த விமானத்தில் தாமே ஏறினார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பாடசாலையில் எல்லே ஆடுகிறோம். பேஸ்போல் புரியுமா? (மாணவி, கிண்ணியா)

பாதி புரிந்துவிடும், மகள். அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதும், பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பதும் உங்களுக்குப் பழக்கமானவையே. ஓடுபவர் மீது பந்தை எறிவது மட்டும் அங்கே இல்லை, கையுறையிலுள்ள பந்தால் தொட வேண்டும்.

நேரலையாகப் பார்க்க எப்போது விழித்திருக்க வேண்டும்? (வாசகர், தம்பலகாமம்)

இரவெல்லாம் விழிக்கத் தேவையில்லை. ஒக்டோபரில் நியூயோர்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. ஆட்டம் மேலதிக இனிங்ஸுக்குப் போனால் மட்டும், வேலைக்குப் பிந்திப் போவதற்கு ஆயத்தமாக இருங்கள்.