டிஸ்னியை நம்பிக் காசு போட்ட பெண்மணி

கேள்வி: என் மகன் பம்பலப்பிட்டியில் அனிமேஷன் வகுப்புக்குப் போகிறான். வோல்ட் டிஸ்னி யாருடைய தயவும் இல்லாமல் மேலே வந்தவர் என்று அடித்துச் சொல்கிறான். உண்மையா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா. மகனிடம் மார்கரெட் விங்க்ளர் என்ற பெயரைச் சொல்லுங்கள். ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் வோர்னர் பிரதர்ஸ் படக் கம்பனியின் ஹரி வோர்னரிடம் செயலாளராக இருந்தவர். 1920களின் தொடக்கத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கி, பீலிக்ஸ் பூனைப் படங்களையும் மெக்ஸ் பிளைஷரின் கோமாளிப் படங்களையும் விநியோகித்தார். படங்களில் 'எம். ஜே. விங்க்ளர்' என்றுதான் போடுவார்; பெண் என்று அதில் தெரியாது.

1923இல் டிஸ்னியின் கன்சாஸ் சிட்டி ஸ்டூடியோ நொடித்துப்போனது. மிஞ்சியது ஒரு மாதிரிப் படம்: கார்ட்டூன் உலகத்துக்குள் ஆலிஸ் என்ற நிஜச் சிறுமி ஒருத்தி நடமாடுவாள். அதை நம்பி ஒக்டோபர் 16ஆம் திகதி விங்க்ளர் ஒப்பந்தம் போட்டார். முதல் ஆறு படங்களுக்குத் தலா 1,500 டொலர். டிஸ்னி நிறுவனம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொள்வது அந்தத் திகதியைத்தான்.

காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை அவர். மாதிரிப் படத்தில் நடித்த வர்ஜீனியா டேவிஸ்தான் வேண்டும் என்றார்; அதற்காக அந்தச் சிறுமியின் குடும்பமே கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. சிரிப்பு போதாது, இன்னும் சேருங்கள் என்று கடிதம் எழுதினார். எடுத்த பிலிமையெல்லாம் நியூயோர்க்குக்கு வரவழைத்து, அங்கே வெட்டி ஒட்டினார். 21 வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்?

அப்புறம் சார்ள்ஸ் மின்ட்ஸைக் கல்யாணம் செய்தார். நிர்வாகம் கணவர் கைக்குப் போனது. 1928இல், தான் எடுத்துக்கொடுத்த ஒஸ்வால்ட் முயல் கார்ட்டூன் படங்களுக்குக் கூடுதல் பணம் கேட்டு வந்த டிஸ்னியிடம், குறைத்துத்தான் தருவேன் என்று சொல்லி, அவருடைய ஓவியர்களில் பெரும்பாலானோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் இந்த மின்ட்ஸ்தான். முயலின் உரிமையும் யுனிவர்சல் படக் கம்பனியிடம் இருந்தது. பிறகு வந்ததுதான் மிக்கி.

கொட்டாஞ்சேனையில் நான் வீடியோக் கடை நடத்திய காலத்தில் மிக்கி கசட் எடுக்க வராத பிள்ளை இல்லை. மின்ட்ஸைத் திட்டியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலில் பணம் போட்ட அவர் மனைவியைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. 1990 வரை உயிரோடு இருந்தவர் அம்மா அவர்!

ஆலிஸ் படங்கள் சில இணையத்தில் கிடைக்கின்றன. மகனோடு உட்கார்ந்து பாருங்கள். தொடக்கத்தில் வரும் பெயர்களை ஓட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.